அரைப்புள்ளி

280 ரூபாயை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே அதைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அவர் மறுக்கவில்லை. சுருக்குப்பையைத் திறந்து இரண்டு நூறு, ஒரு ஐம்பது, மூன்று பத்து என எண்ணி என் மேசைமேல் வைத்தார். 2024 ஜூலை 29, திங்கட்கிழமை, முதல் பாடவேளைக்கு முன்பு நடந்தது இது. இவ்வளவு சிறிய தொகைக்கு ஒரு கட்டுரையா என்று தோழி ஒருத்தி கேட்டாள். பெரிய அநீதிகளைப் பற்றி நம் எல்லோரிடமும் தெளிவான நிலைப்பாடுகள் இருக்கின்றன. 280 ரூபாய் அளவிலான அநீதிகளைத்தான் நாமே நம் கையால் செய்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். கார்ப் பந்தயத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இருந்ததில்லை. 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுநேரப் பந்தயம் நடக்கப்போவதாக அறிவித்தார்கள். மிக்ஜாம் புயல் வந்து அது தள்ளிப்போனது. பந்தயம் தள்ளிப்போனாலும் எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு தள்ளிப்போகவில்லை. 2024 மார்ச்சில் ஃபார்முலா 1 சீசன் தொடங்கியபோது, ‘யார் ஜெயிப்பாங்கன்னு எழுதிப் போடலாமா?’ என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

விதி எளியது. பந்தயத்துக்கு ஆளுக்கு 20 ரூபாய். வெற்றி பெறுவார் என்று நினைக்கும் ஒரே ஒரு ஓட்டுநரின் பெயரைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். தகுதிச்சுற்று தொடங்குவதற்கு முன்பு, பெரும்பாலும் சனிக்கிழமை மாலை 7 மணிக்குள், சீட்டு வந்துவிட வேண்டும். வெளியூரில் இருந்தால் வாட்சாப்பில் அனுப்பலாம். சரியாக எழுதியவருக்கு மொத்தப் பணமும். பலர் எழுதியிருந்தால் பங்கு. யாருமே எழுதாவிட்டால் பணம் அடுத்த பந்தயத்துக்குப் போகும். ஆடியவர்கள் 14 பேர். ஆண்கள் 11, பெண்கள் 3.

கணக்கை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘மேடம், நீங்கதான் கறாரா இருப்பீங்க.’ கறார் என்பது அந்த அறையில் பாராட்டு இல்லை. அது ஒரு வேலையின் பெயர். பிரிவு உபசார விழாவுக்குப் பணம் பிரிப்பது, பொங்கலுக்குக் கரும்பு சொல்வது, இறந்தவர் வீட்டுக்கு மாலை வாங்குவது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். நான் நோட்டுப் போட்டேன், சீட்டு வாங்கினேன், நினைவூட்டினேன், சில்லறை மாற்றினேன். கணக்கு வைப்பவர் ஆடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்.

சீட்டு என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? ஆண்கள் ஆடுவது சீட்டு, பெண்கள் கட்டுவதும் சீட்டு. ஒன்று வீட்டுப் பணத்தைத் திண்ணைக்குக் கொண்டுபோகிறது, மற்றொன்று அடுப்படி டப்பாவிலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறது. என் தாத்தா மூணு சீட்டில் ஆயாவின் கம்மலை வைத்துத் தோற்றார். ஆயா மாதச் சீட்டுக் கட்டி மூன்று வருடத்தில் அதைப் போல ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். சாகும்வரை காதிலிருந்து அதைக் கழற்றவில்லை. ஆகவே, சூதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் தயங்கினேன். திருக்குறளில் சூதுக்கென ஓர் அதிகாரமே, 94ஆவது, இருக்கிறது. அதை வகுப்பில் நடத்தும் நானே சீட்டு வசூலிப்பதா? சட்டம் இந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்கிறது: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1996இல் உச்ச நீதிமன்றம் சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயத்தில் திறமைதான் மேலோங்கி நிற்கிறது, எனவே அது சூதாட்டம் ஆகாது என்றது. குதிரையின் வம்சம், ஓட்டுபவரின் பழக்கம், தரையின் ஈரம் இவற்றையெல்லாம் எடைபோட்டுச் சொல்வது அறிவு என்பது அந்தத் தீர்ப்பின் பார்வை.

எங்கள் ஊருக்கு உறவான ஒரு செய்தியும் இதில் உண்டு. எல்லோருடைய பணத்தையும் ஒன்றாகப் போட்டு, வென்றவர்களுக்குள் பிரித்துக்கொள்ளும் முறையை 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலேர் என்பவர் உருவாக்கினார். பாரி முத்துவெல் என்று அதற்குப் பெயர். ‘கிராண்ட் ப்ரீ’ என்பதும் பிரெஞ்சுச் சொல்தான், பெரும்பரிசு என்று பொருள். அந்த முறையில் நீங்கள் பந்தயக்காரனோடு மோதுவதில்லை. உங்களோடு சேர்ந்து பணம் போட்டவர்களோடு மோதுகிறீர்கள். யார் வெல்வார் என்பது பாதிக் கேள்வி. மற்றவர்கள் யார்மேல் பணம் போடுவார்கள் என்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை எங்கள் 14 பேரில் ஒருவர்தான் புரிந்துவைத்திருந்தார். அது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

அவர் நூலகத்தில் ஒப்பந்த ஊழியர். ஐம்பது வயதுக்காரர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். அந்த இரண்டு சொற்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தை நான் அப்போது அளந்து பார்க்கவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மகன் கைப்பேசியில் பந்தயம் பார்ப்பான், இவரும் கூட உட்கார்ந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை மாலையே சீட்டை மடித்து என் நோட்டுக்குள் வைத்துவிடுவார்.

சீசன் போகப் போக ஒரு விஷயம் காதில் விழத் தொடங்கியது. ஆண் ஒருவர் வென்றால், ‘சாரோட கணக்கே கணக்கு’ என்பார்கள். அவர் டயரைப் பற்றியும் காற்றழுத்தத்தைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுவார். பெண் வென்றால், ‘செம லக் மேடம் உங்களுக்கு’ என்பார்கள். அதற்கு மேல் பேச்சு இருக்காது. லக்கை எப்படி விளக்கச் சொல்வது?

ஜூலை 21 அன்று ஹங்கேரியில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி வென்றார். அது அவருடைய முதல் வெற்றி. ஆனால் எப்படி வென்றார்? முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அதே மெக்லாரன் அணியின் லாண்டோ நாரிஸ். இடத்தை பியாஸ்ட்ரிக்குத் திருப்பிக் கொடு என்று அணி வானொலியில் மீண்டும் மீண்டும் சொன்னது. முடியச் சில சுற்றுகளே இருந்தபோது நாரிஸ் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். எங்கள் குழுவில் பியாஸ்ட்ரி பெயரை எழுதியவர் ஒரே ஒருவர், ஒரு மூத்த பேராசிரியர். அவர் சீட்டு எனக்கு வாட்சாப்பில் வந்தது சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு. தகுதிச்சுற்று முடிந்து, பியாஸ்ட்ரி இரண்டாவது இடத்தில் புறப்படப்போகிறார் என்று உலகத்துக்கே தெரிந்த பிறகு. ‘நெட்வொர்க் இல்ல மேடம்’ என்றார். சரி சார் என்றேன். 280 ரூபாயைக் கொடுத்தேன். திங்கட்கிழமை முழுவதும் சாருடைய கணக்கைப் பற்றித்தான் பேச்சு. ஓர் அணி மேலாளரின் உத்தரவும் என் தாட்சண்யமும் சேர்ந்து அன்று ‘கணக்கு’ ஆகியிருந்தன.

அடுத்த ஞாயிறு, ஜூலை 28, பெல்ஜியம். ஸ்பா ஓடுதளத்தில் 44 சுற்றுகள். முன்னணியில் இருந்த பலரும் இரண்டு முறை டயர் மாற்ற நின்றார்கள். மெர்சிடீஸின் ஜார்ஜ் ரஸ்ஸல் ஒரே முறை நின்று, தேய்ந்த டயரிலேயே கடைசிவரை ஓட்டினார். அவருடைய அணித்தோழர் லூயிஸ் ஹாமில்டன் புது டயரில் துரத்திக்கொண்டு வந்தார். அரை நொடி வித்தியாசத்தில் ரஸ்ஸல் முந்தினார். எங்கள் நோட்டில் ஹாமில்டனுக்கு மூன்று சீட்டு, மூவரும் ஆண்கள். ரஸ்ஸலுக்கு ஒரே சீட்டு. அக்காவுடையது. நம் நேரப்படி இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. குழுவில் ‘லக்கோ லக்கு’ என்று ஒரு செய்தியும் நான்கு சிரிப்புப் படங்களும் வந்தன. நான் அவர் மகனின் எண்ணுக்கு 280 ரூபாயை ஜிபே செய்தேன்.

சில மணி நேரத்தில் செய்தி மாறியது. 2024 விதிப்படி ஓட்டுநரோடு சேர்த்து கார் குறைந்தது 798 கிலோ இருக்க வேண்டியிருந்தது. எரிபொருளை வடித்துவிட்டு நிறுத்தபோது ரஸ்ஸலின் கார் 796.5 கிலோ. ஒன்றரைக் கிலோ குறைவு, சந்தையில் தக்காளி வாங்கும் அளவு. ரஸ்ஸல் நீக்கப்பட்டார். வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. ஒரே டயரில் அத்தனை சுற்று ஓடியதில் ரப்பர் தேய்ந்ததும் எடை குறைய ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலரும் பேசினார்கள். எந்தத் துணிவு அவரை ஜெயிக்கவைத்ததோ அதுவே தோற்கடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் என் மேசைக்கு வந்தார்கள். ‘அதிகாரபூர்வ முடிவுதானே மேடம் முடிவு?’ நியாயமான கேள்வி. எங்கள் விதியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதாத இடத்தை யார் பக்கம் சாய்ப்பது என்பது என் கையில் இருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. நூலகத்துக்கு ஆள் அனுப்பி அக்காவை வரச் சொன்னேன். நானே எழுந்து போகவில்லை என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். மகன் முந்தைய இரவே பிரியாணி வாங்கி வந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. சுருக்குப்பையிலிருந்து எடுத்து வைத்தது அவருடைய வாரச் செலவுக் காசு. மூவருக்கும் ஆளுக்கு 93 ரூபாய். ஒரு ரூபாய் மிஞ்சியது. ‘பார்த்தீங்களா, மெர்சிடீஸ்னு அப்பவே சொன்னோம்’ என்று ஒருவர் சொன்னார். ஒன்றரைக் கிலோ குறைந்ததால் கிடைத்த பணம், அவர் வாய்க்கு வருவதற்குள் அறிவாக மாறிவிட்டது.

மதியம் நூலகத்துக்குப் போனேன். ‘அக்கா, ஏன் ரஸ்ஸல்னு எழுதினீங்க?’ என்று கேட்டேன். ஐந்து மாதத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

‘அந்த வண்டிங்க இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு மேடம். ஆஸ்திரியால சின்னவரு ஜெயிச்சாரு, அப்புறம் லண்டன் பக்கத்துல பெரியவரு ஜெயிச்சாரு. வண்டி ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சார்ங்க எல்லாம் பெரியவரு மேலதான் காசு போடுவாங்க. அவரு ஜெயிச்சா நாலு பேருக்குப் பங்கு. சின்னவரு ஜெயிச்சா எனக்கு மட்டும்தானே?’

‘இதெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்டீங்க?’

‘ஏலச்சீட்டுல கத்துக்காததா மேடம்? மத்தவங்க எவ்ளோ தள்ளிக் கேப்பாங்கன்னு பார்த்துத்தானே நாம கேக்கணும்.’

பாரி முத்துவெல்லின் இரண்டாவது பாதி இதுதான். பாரிஸில் ஒன்றரை நூற்றாண்டாகக் கணக்குப் போடும் விஷயத்தை, தன் தெருப் பெண்களோடு மாதாமாதம் ஏலம் கேட்டு அவர் கற்றிருந்தார். 1996 தீர்ப்பு சொன்ன திறமை எங்கள் அறையில் யாரிடமாவது இருந்தது என்றால் அது இவரிடம்தான் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் லக்.

‘அடுத்த வாட்டி எழுதுவீங்கல்ல?’ என்றேன்.

‘வேணாம் மேடம். நான் ஜெயிச்சா லக்குன்றாங்க. தோத்தா ரூலுன்றாங்க.’ அவர் கோபமாகச் சொல்லவில்லை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

அதிர்ஷ்டம் என்ற சொல் வடமொழி ‘அதிருஷ்ட’த்திலிருந்து வந்தது. காணப்படாதது என்பது அதன் பொருள். மாணவிகளுக்குப் பலமுறை சொன்ன சொல்விளக்கம்தான். அன்று நூலகத்திலிருந்து திரும்பி நடக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. ஒருவருடைய வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது நாம் அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் பார்க்கவில்லை என்று நம்மைப் பற்றித்தான் சொல்லிக்கொள்கிறோம். பெண்களின் உழைப்பில் காணப்படாதது எவ்வளவு என்று யோசித்தால், ‘அவளுக்கு லக்’ என்ற பேச்சு ஏன் இவ்வளவு சரளமாக வருகிறது என்பது விளங்கிவிடும். எனக்கு வேலை கிடைத்தபோதும் ஒருவர் அப்படித்தான் வாழ்த்தினார். முனைவர் பட்டத்துக்காகக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு விடியும்வரை படித்த ஏழு வருடம் அவர் கண்ணில் படவில்லை. அந்த வாழ்த்தை இன்றுவரை மன்னிக்காத நான், அதே சொல்லைக் குழுவில் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

சங்கப் பாடல்களில் கழங்கு என்று ஒரு காய் வரும், கழற்சிக்காய். அதை வைத்துப் பெண்கள் திண்ணையிலும் மணலிலும் விளையாடுகிறார்கள். அதே கழங்கை வேலன் என்னும் பூசாரி உருட்டுகிறான். பெண்ணின் மெலிவுக்கு முருகன்தான் காரணம் என்று குறி சொல்கிறான், தாய் நம்புகிறாள். ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. உண்மைக் காரணம் காதல் என்பது பெண்ணுக்கும் தோழிக்கும் தெரியும். ஒரே காய்தான். பெண்ணின் கையில் அது விளையாட்டு, வேலனின் கையில் அறிவு. வேலன் தவறாகவே சொன்னாலும் அறிவு.

கார்ப் பந்தயத்தின் வரலாற்றிலும் ஒரு கழங்கு இருக்கிறது. ஃபார்முலா 1 உலகப் போட்டியில் இதுவரை புள்ளி பெற்ற ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லொம்பார்தி. 1975 ஏப்ரல் 27, பார்சிலோனாவின் மோன்ஜூயிக் ஓடுதளம். ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள், பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. அப்போது லொம்பார்தி ஆறாவது இடத்தில் இருந்தார். ஆறாவது இடத்துக்கு ஒரு புள்ளி. பாதியில் நின்றதால் அரைப் புள்ளி. விபத்தால் கிடைத்தது என்று சொல்லிவிடலாம். அதே ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், மிகக் கடினமான ஓடுதளங்களில் ஒன்றில், பந்தயத்தை முழுவதுமாக ஓட்டி அவர் ஏழாவதாக வந்தார். அன்று புள்ளி ஆறு பேருக்கு மட்டும். அந்த ஏழாம் இடத்தை யாரும் பேசுவதில்லை.

பக்கத்திலேயே இன்னொரு கதையையும் வைத்துப் பார்க்கலாம். 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். டயர் பாதுகாப்பு இல்லை என்று மிஷ்லன் டயர் போட்ட 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடின. நம் கோவையின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே. அதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஓடவேண்டிய நாளில் அவர் ஓடினார். எவருடைய வெற்றியிலும் பிறருடைய விபத்து, விலகல், மழை எல்லாம் கலந்துதான் இருக்கும். சிலருடைய கணக்கில் அதைக் கழிக்கிறோம், சிலருடைய கணக்கில் கழிப்பதில்லை. நான் கேட்பது அதைத்தான்.

தாமஸ் நேகல், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் 1976இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: நம் கையில் இல்லாத தற்செயல், ஒருவரைப் பற்றிய அறத் தீர்ப்பை மாற்றலாமா? நல்ல கேள்வி. என் மேசைக்கு வந்த கேள்வி அதற்கு ஒரு படி முன்னால் இருந்தது. எது தற்செயல், எது தகுதி என்று பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த அறையில் அது கறாரான ஒரு பெண்ணிடம் இருந்தது. அவள் தாமதமாக வந்த பேராசிரியரின் சீட்டுக்கு விதியை வளைத்தாள். நேரத்துக்கு வந்த ஒப்பந்த ஊழியரின் சீட்டுக்கு, எழுதாத விதியை நிமிர்த்தினாள். இரண்டு வாரத் திங்கட்கிழமைகளையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் பெண் என்பதால் பெண்ணின் பக்கம் இயல்பாக நின்றுவிடுவேன் என்று நம்பியிருந்தேன். நிற்கவில்லை. சம்பளப் பட்டியலில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் பக்கம் நின்றேன்.

எங்கள் ஊரில் ஈஸ்வரன் தருமராஜா கோயில் தெரு இருக்கிறது. பாரதியார் வாழ்ந்த வீடு அந்தத் தெருவில்தான். ‘பாஞ்சாலி சபத’த்தை அவர் எழுதியதும் புதுச்சேரியில், முதல் பாகம் 1912இல் வந்தது. சூதில் மனைவியைத் தோற்றவனின் பெயரில் தெரு, அந்த மனைவியின் கோபத்தை எழுதியவருக்கு அதே தெருவில் வீடு. பாஞ்சாலி சபையில் கேட்டது விதிமுறையைப் பற்றிய கேள்வி. தன்னையே தோற்றுவிட்ட ஒருவன் அதற்குப் பிறகு என்னைப் பணயம் வைக்க முடியுமா? நேர்மையான பதில் சபையில் கிடைக்கவில்லை. விதி என்பது தோற்றவர்கள் கேட்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது. அக்கா என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. ‘போன வாரம் சாருக்கு மட்டும் எப்படி?’ என்று கேட்டிருக்கலாம், அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிக்கப்படும் ஒருவர் கேட்க மாட்டார். அவர் கேட்க முடியாததால் நான் எனக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்துப் பந்தயத்தோடு சீசன் மீண்டும் தொடங்கியது. விதிகளை முழுவதுமாக எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினேன். 7 மணி என்றால் 7 மணி. பணம் ஞாயிறு இரவில் இல்லை, அதிகாரபூர்வ முடிவு வந்தபின் திங்கள் மாலை. கணக்கு நோட்டு மாதம் ஒருவரிடம், ஆண்களும் உட்பட. ஹங்கேரிச் சீட்டு தாமதமாக வந்ததையும், நான் அதை ஏற்றதையும் எல்லோர் முன்னும் சொன்னேன். ‘20 ரூபா விளையாட்டுக்கு இவ்ளோ சீரியஸா மேடம்?’ என்று மூத்தவர் சிரித்தார். 280ஐத் திருப்பித் தரும் பேச்சு அவரிடமிருந்து வரவில்லை.

என் பணத்தில் 280 எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அக்கா கையை நீட்டவில்லை. ‘உங்க காசு எனக்கு எதுக்கு மேடம்? நான் ஜெயிச்ச காசு இல்லையே அது.’ அதற்குப் பிறகு அவர் சீட்டு எழுதவில்லை. நான் தவறைச் சரிசெய்ய நினைத்தது, என் மனம் ஆறவேண்டும் என்பதற்காகத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. மிஞ்சிய ஒரு ரூபாய் அதன் அட்டை உறைக்குள். ஜூலை 28ஆம் தேதிக்கு எதிரே மூன்று ஆண்களின் பெயர்களை எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையைத் தொடங்குவதற்கு முன் அதை அரைப்புள்ளியாகத் திருத்தி, பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். ரஸ்ஸல் என்றும், வெள்ளிக்கிழமை மாலை நேரத்துக்கு வந்த சீட்டு என்றும், காரணத்தோடு எழுதியது என்றும் அவர் சொன்னபடியே சேர்த்தேன்.